மண்ணெண்ணெயில் ஓடின கார்

புகைப் பரிசோதனையில் எங்கட கார் இரண்டாவது தடவையும் தோற்றபோது அங்கே வேலை செய்த பெடியன் சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டான். சைலன்சருக்குள் விட்ட குழாயை வெளியே இழுத்துத் துடைத்துவிட்டு, "உதைக் கொண்டுபோய் மியூசியத்தில விடுங்கோ" என்றான். எங்களுக்குக் கோபம் வரவில்லை. கொட்டில் முழுக்க நீலப் புகை நின்றது. பின்னால் வரிசையில் நின்ற ஓட்டோக்காரர் சேட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வருஷத்து வாகன வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. அது இல்லாவிட்டால் கார் கேற்றைத் தாண்ட முடியாது.

கார் அப்பப்பாவுடையது. எம்.ஜி. மிட்ஜெற், 1962. அதைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? இரண்டே இரண்டு சீற். கூரை துணியில். கதவுக்கு வெளிப்பக்கம் பிடியே இல்லை. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். எங்களைப்போல நெட்டைகள் அதற்குள் ஏறுவதில்லை, அதை உடுத்திக்கொள்வோம். அப்பப்பா மலைநாட்டில் படிப்பித்த காலத்தில், தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன 1975ஐ ஒட்டி, ஊருக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் குறைந்த விலைக்கு வாங்கினது. ஒரு வாத்தியார் ஸ்போர்ட்ஸ் காரில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினதைப் பற்றி அப்பம்மா இன்றைக்கும் முழுச் சமாதானத்தோடு கதைப்பதில்லை. "நாலு பிள்ளையள், ரெண்டு சீற்" என்பார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆனால் பொனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது அந்தக் காலத்து மொறிஸ் மைனர் ஆயிரத்தின் எஞ்சின். 948 சிசி, நாலு சிலிண்டர், முழுக்க வார்ப்பிரும்பு. ஒரே கொம்பனி ஒரே எஞ்சினைக் குடும்பக் காருக்கு ஒரு காபிரேற்றரோடும் மிட்ஜெற்றுக்கு இரண்டு காபிரேற்றரோடும் போட்டது. இங்கே ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு மைனர் நின்ற காலத்தில் மிட்ஜெற்றுக்குப் பாகம் கிடைக்காமல் போகவில்லை. கார் உயிரோடு இருந்ததற்கு முதல் காரணம் அது. இரண்டாவது காரணம் மாமா.

மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. கறாஜ் வைத்திருந்தவர், இப்போது எழுபதை நெருங்குகிறார். இந்தக் காரை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. இரண்டு காபிரேற்றர் உள்ள எஞ்சினில் பெரிய தலையிடி, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடினால் இரண்டு சிலிண்டர் வேலை செய்யும், மற்ற இரண்டும் பாரம் சுமக்கும். அதைப் பார்க்க மீற்றர் இருக்கிறது. மாமாவிடம் இருந்தது ஒரு முழ நீள றப்பர் குழாய். ஒரு முனையைக் காபிரேற்றரின் வாயில் பிடிப்பார், மறுமுனையைக் காதில். உள்ளே 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு மற்றக் காபிரேற்றரில் பிடிப்பார். இரண்டு 'ஸ்ஸ்'ஸும் ஒரே மாதிரி வரும்வரை ஸ்குறூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புவார். சின்ன வயதில் எங்களுக்கும் குழாயைத் தருவார். எங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். "இல்லை, வடிவாக் கேளுங்கோ" என்பார்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் சின்னச் சின்னப் போத்தலில் பொன் விலைக்கு விற்றது. யாழ்ப்பாணம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடியது. இது எங்கள் பெற்றோரின் தலைமுறையில் எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் அது எப்படி நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. நாங்களும் மாமாவிடம் கேட்டபிறகுதான் அறிந்தோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது, அதனால் ஸ்ராட் ஆகாது. பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் கட்டியிருக்கும். அதில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறினபிறகு ஒரு பைப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வீட்டுக்கு வர இரண்டு ஒழுங்கை இருக்கும்போது திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் அடுத்தநாள் காலை காபிரேற்றருக்குள் மண்ணெண்ணெய்தான் நிற்கும், தள்ளித்தான் பார்க்கலாம். மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்டும். அதற்காக மாமா ஒரு ஹெட் காஸ்கற்றுக்குப் பதிலாக இரண்டு போட்டு அழுத்தத்தைக் குறைத்தார், டிஸ்றிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பிப் பொறியைப் பிந்தவைத்தார். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதால் தேய்மானம் கூடும். எங்கட எஞ்சினை அதற்குப்பிறகு 60 தௌ வரை போர் பண்ணியாகிவிட்டது. இனி வெட்ட இரும்பு இல்லை. நாங்கள் பார்த்த நீலப் புகை அந்த வருஷங்களின் மிச்சம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெளிக்கிட்டபோது இந்தக் காரும் வெளிக்கிட்டது. ஓடவில்லை. நாவற்குழிப் பாலம் வரை சனத்துக்குள் எந்த எஞ்சினும் ஓட இடமிருக்கவில்லை. அப்பப்பா ஸ்ரியரிங்கைப் பிடிக்க, சித்தப்பாவும் எங்கட அப்பாவும் தள்ள, ஒரு சீற்றில் அப்பப்பாவின் தாய், மற்றச் சீற்றில் அரிசி மூட்டையும் தையல் மெஷினும். மழை. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோதும் கார் வந்தது. இதற்குப்பிறகு அதை விற்கிற கதையை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

இப்ப பிரச்சினைக்கு வருவோம். நாங்கள் மாமாவிடம் போய், எஞ்சினைத் திருப்பிக் கட்டுவோம், இங்கிலாந்தில் இருந்து ஸ்லீவும் பிஸ்ரனும் எடுப்பிப்போம் என்றோம். (மிட்ஜெற்றுக்கு இன்றைக்கும் அங்கே எல்லாப் பாகமும் கிடைக்கிறது. விலை பவுணில் என்பதுதான் விஷயம்.) அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "கட்டலாம். நான் கட்டித் தருவன். பிறகு ஆர் ரியூன் பண்ணுறது?" என்றார்.

"நீங்கள்தான் மாமா."

"எனக்குக் காது கேக்கேல்ல."

நாங்கள் கத்திக் கதைப்பது பழகிவிட்டதால் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. குண்டுச் சத்தமா, கறாஜ் சத்தமா, வயசா, அவருக்கே தெரியாது. றப்பர் குழாயில் இப்போது ஒன்றும் வருவதில்லை என்றார். போன இரண்டு வருஷமும் எங்கட காரைக் கையால், அதிர்வைப் பிடித்துப் பார்த்துத்தான் ரியூன் பண்ணினாராம். எங்களுக்கு அது தெரியாது. "உங்களுக்கு இனி இன்ஜெக்ஷன் எஞ்சின்தான் சரி. கம்பியூற்றர் பாக்கும். எந்தப் பெடியனும் ஸ்கானரைக் குத்தினாச் சொல்லுவான்" என்றார்.

எங்களுக்கு அதிர்ச்சி. காரைப் பாதுகாக்க வேண்டும் என்று அவர் சொல்வார், செலவைக் காட்டி நாங்கள் பின்வாங்குவோம் என்றுதான் நினைத்துப் போனோம்.

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சொன்னோம். காசு பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வர வேண்டும். அன்றிரவே ஏழு வொய்ஸ் மெசேஜ். அது அப்பாவின்ர எஞ்சின், தடையிலயும் ஓடின எஞ்சின், பாலம் தாண்டின எஞ்சின், அதைக் கழட்டிப்போட்டு ஜப்பான் எஞ்சின் போடுறதெண்டா நான் ஒரு சதமும் தரமாட்டன், ஒரிஜினலா வைச்சிருங்கோ. நாங்கள் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களில் இரண்டு பேர் அவர் பக்கம். மெய்யியல் படிக்கிற மச்சாள் மட்டும் தீசியசின் கப்பலை இழுத்தாள்: பலகை எல்லாவற்றையும் மாற்றினபிறகும் அது அதே கப்பலா? கறாஜில் அது எடுபடவில்லை.

எங்கள் நியாயத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகம்தான் உடைத்தது. எஞ்சின் மாற்றினால் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும். அதற்காகப் பழைய இலக்கத்தைப் பார்க்கப் போனோம். எஞ்சினில் உள்ள தகட்டைப் பெற்றோல் துணியால் துடைத்து வாசித்தால், புத்தகத்தில் இருப்பது வேறு, தகட்டில் இருப்பது வேறு. ஒரு எண் அல்ல, ஆரம்ப எழுத்திலிருந்தே வேறு. மூன்று தடவை வாசித்தோம். பிறகு மாமாவைப் பார்த்தோம். அவர் ஸ்பனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது 91இல மாத்தினது" என்றார். "மிட்ஜெற் எஞ்சின் மண்ணெண்ணெயில பிளந்து போச்சு. இது மைனர் எஞ்சின். முன் தகட்டையும் பின் தகட்டையும் மாத்தி, மாஸ்ரரின்ர ரெண்டு காபிரேற்றரையும் மேல பூட்டினனான். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு மாஸ்ரர் சொன்னவர்."

ஏன் என்று கேட்டோம். அந்த நேரம் புத்தகத்தை மாற்ற எந்தக் கந்தோருக்குப் போவது என்றார். பிறகு அந்த மைனர் யாருடையது என்று கேட்டோம். "ஷெல் விழுந்த கார். பின்பக்கம் இல்லை, முன்பக்கம் அப்படியே கிடந்தது." கொஞ்சம் பொறுத்து, "ஆக்கள் ஒருத்தரும் உள்ளுக்கு இருக்கேல்ல எண்டுதான் கொண்டுவந்தவை சொன்னவை" என்றார். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

சித்தப்பாவுக்குத் தகட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினோம். நீல ரிக் விழுந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காசு வந்தது. அதோடு ஒரே ஒரு நிபந்தனை: கார் உடம்பில் ஒரு இரும்பையும் வெட்டக்கூடாது, விரும்பினால் திரும்பவும் பழையதைப் பூட்டக்கூடிய மாதிரி இருக்க வேண்டும். நல்ல நிபந்தனை என்று இப்போதும் நினைக்கிறோம்.

எந்த எஞ்சின் என்பதை மாமா ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். வாகன இறக்குமதி 2020இல் நின்றபிறகு இந்த நாட்டில் பழையதைக் கழற்றிப் பூட்டுவது பெரிய தொழிலாகிவிட்டிருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காத எஞ்சின் இல்லை. முன் சில்லு இழுக்கிற கார்களின் எஞ்சின் குறுக்கே நிற்கும், மிட்ஜெற்றுக்கு நெடுக்கே நிற்க வேண்டும். அதனால் சுசுகி ஜிம்னியின் கே6ஏ. 658 சிசி, மூன்று சிலிண்டர், ரேர்போ, முழுக்க அலுமினியம். ஜிம்னியில் நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி கியர்பொக்ஸில் இருந்து தனியாக இருப்பதால், அதை விட்டுவிட்டுக் கியர்பொக்ஸை நேரே பின் சில்லுக்கு இணைக்கலாம். சித்தப்பாவைச் சமாதானப்படுத்த ஒரு ஆதாரமும் கிடைத்தது: இங்கிலாந்தின் கேற்றர்ஹாம் கொம்பனியே 2013இல் தன்னுடைய செவன் காரில் இதே சுசுகி 660ஐப் போட்டு விற்றது. வெள்ளைக்காரன் செய்தால் சரி என்பது எங்கள் குடும்பத்தில் இன்னும் செல்லுபடியாகும் வாதம்.

கணக்கு வேடிக்கையானது. பழைய எஞ்சின் 948 சிசிக்கு 46 குதிரைவலு, அதுவும் புதிதாக இருக்கும்போது. இது மூன்றில் இரண்டு பங்கு அளவில் 64. மாமா முதலில் பார்த்தது பிறேக். எங்கட மொடலில் நாலு சில்லுக்கும் டிரம் பிறேக்தான், டிஸ்க் 1962 கடைசியில்தான் வந்தது. "நிக்கத் தெரியாததுக்கு ஓடப் பழக்கக்கூடாது" என்று முதல் மாதம் முழுக்க பிறேக் வேலைதான். எஞ்சின் ஒரு மூலையில் சாக்கில் கிடந்தது. எங்களுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் அசையவில்லை.

பூட்டுகிற வேலை நாங்கள் பயந்த அளவு இல்லை. வார்ப்பிரும்பு எஞ்சினைச் சங்கிலி போட்டுத்தான் தூக்கினோம், அலுமினியத்தை நாங்கள் சேர்ந்து பிடித்தே இறக்கினோம். ஜிம்னியில் ரேர்போக் காற்றைக் குளிர்விக்கிற றேடியேற்றர் எஞ்சினுக்கு மேலே இருக்கும், அதோடு பொனற் மூடாது. அதை முன் கிறிலுக்குப் பின்னால் கொண்டுபோனோம். கியர் லீவர் வருகிற ஓட்டை மட்டும் ஒத்துவரவில்லை. அந்த இடத்தில் ஒரு சாண் அளவுக்கு வெட்டினோம். சித்தப்பாவுக்கு இதுவரை சொல்லவில்லை. இதை வாசித்தால் அறிந்துகொள்வார்.

எண்ணெய் வழிதான் இரண்டு காலத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைக் காட்டியது. காபிரேற்றருக்குப் பெற்றோல் மெல்ல வந்து சேர்ந்தால் போதும். வேண்டிய அளவை எஞ்சினே உறிஞ்சி எடுக்கும். இன்ஜெக்ஷனில் பம் அதைவிடப் பத்து மடங்குக்குமேல் அழுத்தத்தில் தள்ள வேண்டும். அந்த அழுத்தத்தில் 1962இன் குழாயும் கிளிப்பும் நிற்காது. ராங்கியிலிருந்து எல்லாக் குழாயும் புதிது, மிஞ்சினது திரும்பிப் போக இன்னொரு குழாய். பிறகு ஈ.சி.யு. என்கிற அந்தப் பெட்டி. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, எவ்வளவு காற்று வருகிறது, தண்ணி எவ்வளவு சூடு என்று சென்சர்களிடம் கேட்டு, இன்ஜெக்ரரை எத்தனை மில்லிசெக்கன் திறப்பது என்று ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்கும். மாமா குழாயை வைத்துக் காதால் செய்ததை இது சென்சரால் செய்கிறது. ஒரு வித்தியாசம். மாமா என்ன செய்கிறார் என்று நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

வயரிங் எங்கள் பொறுப்பு. விற்றவர்கள் வயர்க் கட்டை நடுவில் கத்தியால் வெட்டித்தான் தந்திருந்தார்கள். வரைபடம் ஜப்பான் மொழியில். தமிழும் வரலாறும் மெய்யியலும் படிக்கிற மூன்று பேர், போனில் படம் பிடித்து மொழிபெயர்த்து, வயரின் நிறங்களைக் கொப்பியில் எழுதி, இரண்டு கிழமை இருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அது சரியாகத்தான் வந்தது. பிழைத்தது வேறு இடத்தில்.

அந்தக் காலத்து மிட்ஜெற்றில் பற்றறியின் நேர் முனைதான் உடம்பில் பூட்டப்பட்டிருக்கும். இன்றைய வாகனம் எல்லாவற்றிலும் எதிர் முனை. மாமா இதை முதல் நாளே சொன்னார், கொப்பியில் முதல் பக்கத்தில் எழுதியும் இருந்தோம். ஆனால் பல வருஷமாக அந்தப் பற்றறியைக் கழற்றிப் பூட்டின கை எங்களுடையது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், மாமா தேத்தண்ணிக்குப் போன நேரம், பழக்கத்தில் பழைய மாதிரியே பூட்டினோம். திறப்பைப் போட்டோம். 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு மீன் பொரித்த எண்ணெய் கருகின மாதிரி ஒரு மணம். அவ்வளவுதான். ஈ.சி.யு. போய்விட்டது.

மாமா வந்து மணத்திலேயே அறிந்துவிட்டார். ஏசவில்லை. "காபிரேற்றர் எண்டா மாறிக் குடுத்தாலும் ஓடியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதே இலக்கமுள்ள இன்னொரு ஈ.சி.யு. பஞ்சிகாவத்தையில் கிடைக்க ஐந்து கிழமை. இரண்டு பேரின் மஹாபொல காசும், ஒருவரின் பழைய லப்ரொப் விற்ற காசும் அதற்குள் போனது. சித்தப்பாவிடம் கேட்க முகமில்லை.

அந்த ஐந்து கிழமை எங்களுக்குள் நல்ல சண்டை. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது, கியூ.ஆர். கோட்டில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது, "இந்தக் காருக்கு மண்ணெண்ணெய் விடலாம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். (அந்தமுறை மண்ணெண்ணெயும் இல்லை என்பது வேறு கதை.) புது எஞ்சினுக்கு அந்தக் கதை கிடையாது. திரும்பவும் ஒரு தடை வந்தால் இது கேற்றடியில் நிற்கும் இரும்புதான். ஒரு பெட்டி எரிந்தாலே நிற்கிறது, பிறகென்ன. மச்சாள் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் தடை வரும் என்று கணக்குப்போட்டு ஒரு காரை வைத்திருப்பது என்ன வாழ்க்கை என்றாள். காது கேட்காத ஒரு மனிசனை இன்னும் பத்து வருஷம் குழாயோடு குனியவைத்துவிட்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைக்கப் போகிறோமா என்றும் கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னது முழுக்கச் சரி என்றும் நினைக்கவில்லை. அந்த வேலையை அவரிடம் பழக எங்களுக்கு இருபது வருஷம் இருந்தது. குழாயை வாங்கிக் காதில் வைத்து, ஒன்றும் கேட்கவில்லை என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.

இரண்டாவது ஈ.சி.யு.வைப் பூட்டின அன்று பற்றறியை மாமாதான் பூட்டினார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். திறப்பைத் திருப்பின உடனே ஸ்ராட் ஆனது. பழையதைப்போலச் சோக்கை இழுத்து, அக்சிலேற்றரை இரண்டு தரம் மிதித்து, கெஞ்சி, ஒன்றும் இல்லை. சத்தம் மூன்று சிலிண்டருக்குரிய ஒருவித உறுமல், ஆனால் மெல்லியது. மாமா பொனற்றில் கையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டு எங்களைப் பார்த்து, "ஓடுதோ?" என்று கேட்டார்.

ஓடுது மாமா, ஓடுது என்று மூன்று பேரும் கத்தினோம்.

புகைப் பரிசோதனையில் அதே பெடியன். இந்தமுறை பொனற்றைத் திறக்கச் சொல்லிப் படம் எடுத்தான். புத்தகத்தில் இலக்கம் மாற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை. இல்லாமல் போன ஒரு எஞ்சினுக்கும் கழற்றின ஒரு எஞ்சினுக்கும் பூட்டின ஒரு எஞ்சினுக்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அப்பம்மா ஒரு நாள் ஏறி, கோயில்வரை போய் வந்தார். இறங்கும்போது, முந்தி அவர் சந்தி திரும்பும்போதே எங்களுக்குக் கேட்கும், அடுப்பில தண்ணி வைப்பன், இப்ப வந்து நிக்கிறதே தெரியாது என்றார். பாராட்டா குறையா என்று நாங்கள் கேட்கவில்லை.

மைனர் எஞ்சின் வீட்டுப் பின் தாழ்வாரத்தில், மரக்கட்டையில், படங்குக்குக் கீழே நிற்கிறது. பிளக் ஓட்டையால் ஒயில் விட்டு, மாதம் ஒருக்கால் கையால் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்ரன் இறுகிவிடும் என்று மாமா சொல்லியிருக்கிறார். இரண்டு காபிரேற்றரையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். றப்பர் குழாயைத் தந்துவிட்டுப் போனார்.